மைக்கில் போன ஜெபம்

இந்தக் காலத்தில் எவனுக்கும் ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரிவதில்லை. காதில் விழுந்ததைக் கூட்டத்துக்குப் பந்தி வைத்தால்தான் தூக்கம் வருகிறது. கிரில் வெல்டருக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் பாஸ்டரிடம் போய் வாயைக் கொடுத்தாரே, அதுதான் ஆறவில்லை.

"மனசு சரியில்லாதவங்களுக்குச் சபைதான் தோள் கொடுக்கணும். எங்ககிட்ட வந்து சொல்லுங்க" என்று பாஸ்டர் பிரசங்கத்தில் உருகியிருந்தார். வெல்டரின் மகள் தையல் வேலையை விட்டாள், தலை வாருவதை விட்டாள், பேச்சையும் விட்டு அறைக்குள் முடங்கிக் கிடந்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா" என்பதுதான் அவள் கடைசியாக முழுசாகப் பேசியது. கோவில் ஜன்னல் கம்பியைப் பார்க்கிற சாக்கில் பாஸ்டரை ஒதுக்குப்புறமாக நிறுத்தி வெல்டர் சொல்லிவிட்டார்.

"நமக்குள்ள இருக்கட்டும், பாஸ்டர்."

"கர்த்தர்கிட்ட மட்டுந்தான் சொல்லுவேன், அண்ணே."

அடுத்த ஞாயிறு, கெஞ்சிக் கூத்தாடி மகளைக் கோவிலுக்கு அழைத்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். ஜெப வேளை வந்தது.

"நம்ம கிரில் அண்ணன் மக மனசு பேதலிச்சு ரூமுக்குள்ளயே கிடக்கிறா. கர்த்தாவே, அவளைத் தொடும்" என்று பாஸ்டர் மைக்கில் கண்ணீர் விட்டார். சபையே ஆமென் சொன்னது. கண்ணை மூடியிருக்க வேண்டிய தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. மகள் பாஸ்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

வாசலில் கேட்டாள்: "நீங்கதான் சொன்னீங்களா?"

"அவர்கிட்ட மட்டுந்தாம்மா சொன்னேன்."

"அவர்கிட்ட மைக் இருக்குல்லப்பா."

வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டவள்தான். வெல்டர் தன் கையால் அடித்து மாட்டிய தாழ்ப்பாள்; கெட்டியாகவே பிடித்தது. தட்டில் வைத்த சாப்பாடு வாசலிலேயே ஆறிப்போனது.

சாயங்காலம், வீட்டை ஒட்டியிருந்த பட்டறைக்குப் பாஸ்டர் வந்தார். முகம் வாடியிருந்தது.

"நாலு பேர் சேர்ந்து ஜெபிச்சா நல்லதுன்னு நெனச்சேன், அண்ணே. அவ கூட்டத்துல இருக்கிறது தெரியாது."

"இல்லேன்னா சொல்லலாமா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுடறேன்."

"மைக்லயா?"

பாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அவரே வேறு வழி சொன்னார்:

"சரி, வேண்டாம். மனநல டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. தனி ரூம்ல கதவைச் சாத்திட்டுப் பேசுவாங்க. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

"அந்தம்மா எந்தச் சபை?"

"நம்ம சபைதான்."

"அப்ப வேண்டாம். வேற டாக்டர் எனக்குக் கிடைக்காமலா போயிடுவாங்க."

"ஒரே ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போறேன், அண்ணே."

"மனசுக்குள்ள பண்ணுங்க."

பாஸ்டர் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. வெல்டர் கொஞ்ச நேரம் அந்த உதட்டையே பார்த்தார். அதையும் நம்ப அவருக்கு மனம் வரவில்லை. நெற்றியில் ஏற்றியிருந்த வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாஸ்டர் ஆமென் சொல்வதற்கு முன்பே, மகளின் மூடிய கதவைப் பார்த்து நடந்தார்.