தார்ச்சாலைக்கு வந்த வீடு

கடைசியில் ஜெயித்தது நான்தான். வீட்டைத் தார்ச்சாலை ஓரத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கல்யாணமான புதிதிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தேன். "மரவீடுதானே, தூக்கி லாரியில வெச்சா போகுது. ஒரு அவசரம்னா இந்தக் காட்டுக்குள்ள ஆம்புலன்ஸ் எப்படிங்க வரும்?" என்பேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் அவர். போன மாதம் அந்தக் கல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஆம்புலன்ஸ் ஓடைக்கு அந்தப் பக்கமே சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தபோது அவசரம் முடிந்திருந்தது.

நான் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பேசட்டும். அவர்மேல் கோபம்கூட வரவில்லையே என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீடு தூக்கும் மேஸ்திரியைக் கொழுந்தன்தான் கூட்டிவந்தான். சாலையோரம் அவனுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. தரைக்கடியில் ஜாக்கி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, வீட்டை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். அலமாரியிலிருந்து டம்ளரைக்கூட எடுக்க வேண்டாம் என்றார் மேஸ்திரி. சொன்ன மாதிரியே ஒன்றும் உடையவில்லை. ஆயுசு முழுக்கப் போட்ட சண்டை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

புது இடத்தில் உள்ளே எல்லாம் பழையபடிதான். ஜன்னலில் மட்டும் மரங்களுக்குப் பதிலாக பஸ் போனது. டீ போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, டீச்சக்கையைக் கொட்டப் பின்கதவைத் திறந்து காலை வைத்தேன். படி இல்லை.

சத்தம் கேட்டு மேஸ்திரியும் கொழுந்தனும் ஓடிவந்தார்கள். "ஐயோ அக்கா! அந்தப் படிக்கட்டு வீட்டோட சேர்த்து அடிக்கல, சும்மா சாத்தி வெச்சிருந்துச்சு. அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்" என்றார் மேஸ்திரி.

என் வீட்டுக்காரர் தன் கையால் அடித்த படிக்கட்டு. நடுப்படி ஆடும். நாளைக்குச் சரி பண்ணுகிறேன், நாளைக்குச் சரி பண்ணுகிறேன் என்றே காலத்தை ஓட்டிவிட்டார்.

கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தன் போனைக் காதில் வைத்திருந்தான். "ஆம்புலன்ஸெல்லாம் எதுக்கு?" என்றேன். "நீங்க பேசாம இருங்க அண்ணி."

"மேஸ்திரி, போய் அதை எடுத்துட்டு வந்துடுங்க. நடுப்படியில ஆணி கீணி அடிச்சு வைக்காதீங்க. ஆடட்டும்."

அவர் தலையாட்டிவிட்டு லாரி சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் சைரன் கேட்டது. வண்டி வளைந்து நேராக வாசலிலேயே வந்து நின்றது. உள்ளே என் டீ ஆறியிருக்காது.

டிரைவர் இறங்கி வந்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார்.

"இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்களே" என்றேன்.

அவர் மறுபடியும் கேட்டார். நானும் மறுபடியும் அதையேதான் சொன்னேன். கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.