பிருந்தாவின் புது மோவாய்

பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்த பிருந்தாவுக்கு மோவாய் மிகச் சிறியது. பெண் பார்க்க வந்தவர்கள், "பிள்ளைக்கு நாடியே இல்லையே" என்று எழுந்து போனார்கள். தொண்ணூற்று நாலில் அவள் அப்பா சிவசண்முகம் அவளை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்.

"எலும்பை வெட்டி முன்னால் நகர்த்தலாம். ஆனால் கீழுதட்டில் உணர்ச்சி போகலாம். சிலருக்குத் திரும்பி வராது. யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் டாக்டர்.

பிருந்தா வாய் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டார். "உணர்ச்சியை யாரு சார் பாக்கா? மொகத்தைத்தான் பாப்பாங்க. செஞ்சிருங்க."

வீக்கம் வடிந்ததும் முகம் அழகாகத்தான் இருந்தது. உதடு மட்டும் மரத்தே கிடந்தது.

மறுவருஷம் டவுணிலிருந்து வந்தவர்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பக்கத்தில் உட்காரவைத்துப் பாயசம் குடிக்கச் சொன்னார்கள். பாயசம் உதட்டிலிருந்து வழிந்து பட்டுச்சேலையில் சொட்டியது. அது தெரியாமல் பிருந்தா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். "மூளை சரியில்லாத பிள்ளைன்னு முன்னமே சொல்லியிருக்கலாம்லா, அண்ணாச்சி?"

அவர்கள் போனதும் சிவசண்முகம் துண்டை மகள் மேல் வீசினார். "தொடைக்கக்கூடத் தெரியாதா, மூதி?"

பிருந்தா துண்டை எடுத்தாள்.

"எங்கன இருக்குப்பா?" என்று கேட்டாள்.