நூற்றுக்கு எழுபத்தொன்று

வாக்கெடுப்புக்கு இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருந்தது. தம்பியின் விண்ணப்பத்துக்கு ஒன்பது மணி நேரம்தான்.

வாக்கெடுப்பு நாளைக் காலை பதினொரு மணிக்கு, நாடாளுமன்றத்தில். எல்லை தாண்டிப் படை அனுப்பலாமா, கூடாதா என்று. அனுப்பலாம் என்று முடிவானால் முதலில் கிளம்ப வேண்டியவர்களின் பட்டியலில் தம்பி இருந்தான். அவனுக்கு இடது காது பாதிதான் கேட்கும். மருத்துவ மறுபரிசோதனை வேண்டும் என்று எழுதி, இன்று மாலை ஐந்து மணிக்குள் தெருமுனைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். விண்ணப்பத்தை நிரப்பி வைத்தது அவள், அவனுடைய சின்னக்கா. ஒரு வாரமாக அது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கியது. கையெழுத்துக் கோடு மட்டும் காலி.

டிவியில் கருத்துக்கணிப்பு முடிவாக எழுபத்தொன்று என்ற எண் திரை முழுக்கச் சிவப்பாக வந்து நின்றது. மூத்த அக்கா டீ டம்ளரை மேசையில் வைத்த சத்தத்தில் தம்பி நிமிர்ந்தான்.

"பாத்துக்கோ. நூத்துக்கு எழுபத்தொரு பேரு அனுப்பச் சொல்றாங்க. இன்னும் அந்தக் காகிதம் எதுக்கு அங்க தொங்குது? வீட்டுக்கு வர்றவங்க பாத்தா காறித் துப்புவாங்க."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன்ல," என்றான் தம்பி. "ஊர்ல முக்கால்வாசிப் பேர் போன்னு சொல்றப்ப, நான் காதக் காட்டி வீட்டுல உக்காந்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பட்டறைக்குப் போவேன்?"

போன வாரம் வரை அவன் இப்படிப் பேசவில்லை. போன வாரம் அந்தக் காகிதத்தைப் பார்த்து, "இந்தக் காது ஒரு தடவையாவது உருப்படியா ஒரு வேலை செய்யுது பாரு," என்று சிரித்தான். பேனாவைக்கூட எடுத்தான், அதில் மை இல்லை. அன்று மாலைதான் எழுபத்தொன்று வந்தது.

"அந்த நம்பர்..." என்று அவள் தொடங்கினாள்.

"நம்பருக்கு என்ன?" அக்கா திரும்பினாள். "உங்க ஆபீஸ் போட்ட கணக்குதான? நீயே நம்பலன்னா தெருவுல போறவனா நம்புவான்? சொல்லு. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். வீட்டில் எப்போதும் இப்படித்தான். தொண்டைவரை வந்தது அங்கேயே நின்றுவிடும். அக்கா இரண்டாம் வகுப்பு ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரல் அவளுக்கு. போன மாதம் எல்லையோரத்தில் பள்ளிப் பேருந்து ஒன்றின் மேல் குண்டு விழுந்து பதினொரு பிள்ளைகள் இறந்தார்கள். பதினொரு பெயர்களும் அக்காவுக்கு மனப்பாடம். ராத்திரி தூக்கத்தில்கூட வருகைப் பதிவு எடுப்பதுபோல் அவற்றைச் சொன்னாள். அந்தக் கோபம் பொய்யில்லை. அதனால்தான் அதை எதிர்த்துப் பேசுவது இத்தனை கஷ்டமாக இருந்தது.

"ஊமைக்கோட்டான்," என்று சொல்லிவிட்டு அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். "இன்னைக்கு அரை நாள்தான். நான் வர்றப்ப அது அங்க தொங்கக் கூடாது."

கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பதினேழு. நாற்பது இருக்கைகள், நாற்பது ஹெட்செட்கள். மேலாளர் எல்லோரையும் இருக்கை எண் சொல்லித்தான் கூப்பிடுவார். வேலை எளிது. கணினி ஏதோ ஒரு வீட்டுக்கு எண் போட்டுத் தரும். யாராவது எடுத்தால் திரையில் இருக்கும் கேள்விகளை ஏற்ற இறக்கமில்லாமல் படிக்க வேண்டும். ஆச்சரியப்படக் கூடாது, வருத்தப்படக் கூடாது. "உன் குரல்ல உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. இந்த வேலைக்குன்னே பொறந்த குரல்," என்று சேர்ந்த வாரமே மேலாளர் சொல்லியிருந்தார். முகம் தெரியாதவர்களிடம், எழுதி வைத்ததைப் படிப்பதென்றால் அவளுக்குத் தொண்டை அடைப்பதில்லை.

முதல் அழைப்பிலேயே ஒரு பெண் எரிந்து விழுந்தாள். "செத்த பிள்ளைங்க வயச எங்கிட்ட கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?" மூன்றாவது அழைப்பில் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பஸ்ஸப் பத்திக் கேட்டுட்டு உடனே படை அனுப்பலாமான்னு கேக்குற. பாம்ப மடியில போட்டுட்டு, கம்பு வேணுமாய்யான்னு கேட்டா எவன் வேணாம்பான்?"

"ஆம், இல்லை, கருத்து இல்லை. இவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா."

"ஆமான்னு போட்டுக்கோ. நல்லா இருங்கடா."

அவள் ஆம் என்ற கட்டத்தை அழுத்தினாள்.

பதினொரு மணிக்கு மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து வந்தார். கையில் கைபேசி. ஒரு வெளிநாட்டுச் சேனலில் யாரோ ஒரு மந்திரி, அவர் பின்னால் அதே சிவப்பு எண்.

"பதினேழு, பாத்தியா? நீ போட்ட வரிசை உலகத்தையே சுத்துது. ரெண்டு நாட்டுக்காரன் இதக் காட்டி ஆயுதம் தர்றேன்னுட்டான். அந்த நாட்டு ஜனங்களே கேக்குறாங்க, நாங்க எப்படிச் சும்மா இருக்கறதுங்கிறான்." அவர் வாயில் புதினா மிட்டாய் உருண்டது. "கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற நம்ம வாடிக்கையாளருக்கு ஏக சந்தோஷம். சாயங்காலத்துக்குள்ள இன்னொரு சுத்து. எழுபத்தஞ்சத் தொடணும்."

"பச்சைத் தாள்?" என்று கேட்டாள்.

"எந்தப் பச்சைத் தாள்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மிட்டாய் உருள்வது நின்றுவிட்டது.

பச்சைத் தாள் இருந்தது. பதினாறு நாட்களுக்கு முன்னால் அவளே தயாரித்தது. ஒரே நான்கு கேள்விகள், இரண்டு வரிசைகள். நீலத் தாளில் முதல் கேள்வி பேருந்து, இரண்டாவது இறந்த பிள்ளைகளின் வயது, மூன்றாவது படை அனுப்புவது. உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டியவர் யாராவது இருக்கிறார்களா என்பது கடைசி. பச்சைத் தாளில் அந்தக் கடைசிக் கேள்வி முதலில் வரும், அடுத்தது படை, பேருந்தும் வயதும் அதற்குப் பிறகு. பாதிப் பேரிடம் நீலம், பாதிப் பேரிடம் பச்சை என்று கேட்டால், வரிசை பதிலை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துவிடலாம். கல்லூரி ஆய்வகத்தில் தராசை முதலில் வெறுந்தட்டோடு சரிபார்ப்பது போலத்தான் இதையும் நினைத்தாள். ஒரு சொல்கூட மாறவில்லை. நீலத்தில் எழுபத்தொன்று வந்தது. பச்சையில் முப்பத்திநான்கு.

இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் காட்டினாள். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அங்கே சேர்ந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. மறுபடி நாடு முழுக்கக் கேட்டால் எந்தத் தாளில் ஆதரவு கூடும் என்று கேட்டார். ஒருவர் அவளிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது புதிதாக இருந்தது. "நீலம் சார்," என்றாள். உறுதியா என்றார். உறுதி என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அன்று அவள் வழி நெடுக யாரோ தன்னைப் பாராட்டிக்கொண்டே கூட வருவதுபோல் வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் எல்லாத் திரைகளிலும் பச்சை பூட்டப்பட்டிருந்தது. நீலம் மட்டும் நாடு முழுக்கப் போய் அதே எழுபத்தொன்றைக் கொண்டுவந்தது.

மதியம் மூன்றரை மணிக்கு வீட்டுக்குச் செய்தி அனுப்பினாள். கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டாள். தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. விண்ணப்பம் குப்பைக் கூடையில் கிடந்தது, கிழிக்கப்படாமல், ஒருமுறை மட்டும் மடித்து. கீழே எழுதியிருந்தான்: "அக்கா ஆர்டர்."

அவள் அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எழுந்து வீட்டுக்கு ஓடலாம். நாற்பது நிமிடப் பயணம். வாசலில் அக்கா நிற்பாள், இவளுக்குத் தொண்டை அடைக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எண்ணைக் கையால் போடவும் வழி உண்டு, பிறகு கூப்பிடச் சொன்னவர்களுக்காக. உறவினர் எண் வந்தால் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. எல்லா அழைப்பும் பதிவாகும். கையால் போட்டால் கண்ணாடி அறையில் ஒரு சிவப்பு விளக்கும் எரியும்.

வீட்டு எண்ணைப் போட்டாள்.

"ஹலோ," என்றான் தம்பி. ஓர் எதிரொலி சேர்ந்து வந்தது. காது மந்தம் என்பதால் அவன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான்.

"வணக்கம். கருத்துக்கணிப்பு நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். நான்கு கேள்விகள் உள்ளன. பதில் சொல்ல விருப்பமா?"

"சின்னக்கா? என்ன இது, ரேடியோ மாதிரி?"

"பதில் சொல்ல விருப்பமா?"

தம்பி சிரித்தான். "அக்கா, இங்க வாயேன். சின்னக்கா நம்மளயே கணக்கெடுக்குது."

"அவளுக்கு வேல வெட்டி இல்ல போல," அக்காவின் குரல் தூரத்திலிருந்து நெருங்கி வந்தது. "கேளுடி, கேளு. எங்கிட்டயே கேளு. எழுபத்திரண்டா ஆக்கிடறேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பச்சைத் தாள் பூட்டியிருந்தால் என்ன, எழுதியவளுக்கு அது எதற்கு.

"முதல் கேள்வி. படை எல்லை தாண்டினால், உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டியவர் யாராவது இருக்கிறார்களா?"

"ஏய், உனக்குத் தெரியாதா?"

"ஆம், இல்லை."

"ஆமா. இதோ நிக்கறான்ல, தடிமாடு."

"அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"தம்பி." கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. "அம்மா போனப்ப அவனுக்கு மூணு வயசு. நான்தான வளத்தேன். இதயெல்லாம் எழுதிக்குவியா?"

"இரண்டாவது கேள்வி. எல்லை தாண்டிப் படை அனுப்புவதை ஆதரிக்கிறீர்களா?"

சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

கண்ணாடி அறையின் கதவு திறந்தது. மேலாளர் இருக்கைகளுக்கு நடுவே வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"ஆம், இல்லை, கருத்து இல்லை," என்று படித்தாள்.

"அக்கா, ஆமான்னு சொல்லு," என்றான் தம்பி. அவன் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "காலையில கத்தினியே. சொல்லு."

"நீ சும்மா இருடா!" அக்கா கத்தினாள். "ஏய், எதுக்குடி இத முதல்ல கேக்குற? பஸ்ஸப் பத்தி எங்க? பிள்ளைங்களப் பத்தி எங்க? அவங்கள மறந்துட்டியா?"

"அது மூன்றாவது கேள்வி."

"மூணாவதா வந்தா என்ன பிரயோஜனம்? இவனக் கண்ணு முன்னால நிறுத்திட்டுக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

மேலாளர் வந்துவிட்டார். குனிந்து, மிட்டாய் வாசனையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "வை. கீழ வை. இது பதிவாகுது. வெளிய எதுவும் சொல்ல மாட்டேன்னு நீ போட்ட கையெழுத்து எங்கிட்ட இருக்கு. இந்த ஊர்ல இனி ஒருத்தன் உனக்கு வேல குடுக்க மாட்டான்." அவர் கை இணைப்பு வயரைத் தேடியது. அவள் வயரை முஷ்டிக்குள் சுற்றிக்கொண்டாள். பக்கத்து இருக்கைகளில் படிக்கும் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"இத முதல்ல கேட்டா," என்று சொன்னாள். எழுதி வைத்த தமிழ் அவள் வாயிலிருந்து போய்விட்டது. "இத முதல்ல கேட்டா முப்பத்திநாலு பேருதான் அனுப்பலாம்னு சொல்றாங்க. பஸ்ஸ முதல்ல கேட்டா எழுபத்தொரு பேரு."

"டிவியில சொல்றது?" என்றான் தம்பி.

"பஸ்ஸ முதல்ல கேட்டது. இன்னொண்ண வெளியவே விடல."

"அப்ப அந்த முக்கால்வாசிப் பேரு..."

"அவங்களுக்கு யாரு போகணும்னு ஞாபகம் வர்றதுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சாச்சு. உன் காகிதம் குப்பைக் கூடையிலதான இருக்கு? இன்னும் நேரம் இருக்குடா."

மேலாளர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். சுண்டுவிரல் வலித்தது.

"எந்தப் படுபாவி அப்படி வச்சது?" அக்காவின் குரல் ஹெட்செட்டில் கிழிந்தது. நாற்பது பிள்ளைகளை அடக்கும் அந்தக் குரல், இப்போது உடைந்து வந்தது. "பதினோரு பிள்ளைங்களத் தூண்டில் முள்ளுல கோத்தது எந்தப் படுபாவின்னு கேக்குறேன். சொல்லுடி! வாயத் திற!"

மூன்று விரல்கள் பிரிந்துவிட்டன. இரண்டு மிச்சம் இருந்தன.

"நான்தான்க்கா," என்றாள். "எது கூடும்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன்."