ஐம்பத்து மூன்று நிமிடம்

அவளுக்கு உலகத்தில் எல்லாத் தூரமும் நிமிடக் கணக்குதான். கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால் மற்றவர்கள் ரெண்டு தெரு தள்ளி என்பார்கள். இவள் நாலு நிமிஷம் என்பாள், ரோடு காலியாக இருந்தால் என்று ஒரு வாலையும் ஒட்டிவைப்பாள். பதினான்கு வருஷமாக ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? யாருக்கோ நெஞ்சு வலிக்கும், யாரோ மாடியிலிருந்து விழுந்திருப்பார்கள், எவளுக்கோ குழந்தை பாதி வந்திருக்கும். போனை எடுப்பவள் இவள். இடத்தைக் கேட்டு, பக்கத்தில் நிற்கும் வண்டியை அனுப்பிவிட்டு, அது வாசலுக்கு வந்து சேரும்வரை என்ன செய்ய வேண்டுமென்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

புருஷன் கல் அறுப்பவர். சமையல் மேடைக்கும் தரைக்கும் பதிக்கிற பளபளப்பான கல்லை மெஷினில் கொடுத்து அறுத்து இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். அதனால் பட்டறையில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். சொந்தபந்தமும் அப்படியே கூப்பிட்டுச் சிரித்தது. சேர்ந்து சிரித்த பட்டறை ஆட்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. தூசி தோலோடு நின்றுவிடவில்லை, நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. மருந்து இருக்கிறதா என்று இவள் கேட்டாள். இருமலுக்கு இருக்கிறது என்றார் அந்தப் புண்ணியவான்.

அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி. நாற்பத்திரண்டு படி. வெள்ளைக்காரர் கடைசியாகக் கீழே இறங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. எதிர்ப்பக்கம் ஏழு மாடிக் கட்டிடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு அங்கே டைல்ஸ் அறுக்க ஆரம்பித்தால் இங்கே ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்தாக வேண்டும். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் அந்தச் சத்தத்துக்கு விமர்சனம் சொல்லுவார்.

"பிளேடு தேஞ்சு போச்சு. மாத்தாம இழுக்கறான் பாரு, முட்டாப்பய. தண்ணியும் விடல. தண்ணி விடாம அறுத்தா தூசி எல்லாம் எங்க போகும்?"

"நீங்க மட்டும் குடம் குடமா விட்டீங்களாக்கும்" என்பாள் இவள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

கிராமத்தில் ஒரு வீடு வாடகைக்குக் காலியாக இருக்கிற சேதியைக் கொண்டுவந்தவள் நாத்தனார். அவரது ஒரே தங்கை, கிராமத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, படியே கிடையாது. வாசலைத் திறந்தா காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. அந்த வீட்டுக்கார அம்மா தனியாளு, மகன்கூடப் போய் இருக்காங்க, மூணு வருஷமா பூட்டித்தான் கிடக்கு. எங்க வீட்டுலேருந்து கூப்பிடு தூரம். அண்ணன் இருக்கறவரைக்கும் நல்ல காத்த சுவாசிக்கட்டுமே!"

இருக்கிறவரைக்கும் என்ற வார்த்தை அறையில் அப்படியே நின்றது. நாத்தனார் அந்த அம்மாவின் நம்பரை எழுதிக்கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நழுவினாள்.

வெள்ளைக்காரர் சும்மா இருக்கவில்லை. எக்ஸ்ரே வந்த பெரிய காகித உறையை எடுத்து நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் போனால், மறுபக்கம் இருந்தால் என்று தலைப்புப் போட்டார். பட்டறையில் கல்லுக்கு அளவு குறிக்கிற அதே கொட்டை எழுத்து. போனால் என்பதன் கீழே காற்று, படி இல்லை, ஜன்னல் திறக்கலாம், வெளியில் நாற்காலி போடலாம், தங்கச்சி பக்கம் என்று மளமளவென்று எழுதிவிட்டு, பேனாவை இவளிடம் நீட்டினார். இவள் ஆஸ்பத்திரி என்று எழுதினாள். ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தால் அன்றைக்கே ஆள் வருவான் என்று எழுதினாள். கரண்ட் போகாது, என் வேலை என்று எழுதினாள். அதற்குமேல் ஒன்றும் தோன்றாமல் ஆஸ்பத்திரி என்பதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

"கன்ட்ரோல் மேடம், எல்லாமே நான் சாகாம இருக்கறதுக்கு எழுதியிருக்க" என்றார் அவர். "நான் உயிரோட இருக்கறதுக்கு எழுதியிருக்கேன்."

"வசனம் பேச மட்டும் எங்கேருந்துதான் மூச்சு வருதோ."

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்கு மூச்சு நின்றேபோகப் பார்த்தபோது, அவள்தான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். ஆறே நிமிடத்தில் வண்டி வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் கிடந்து பிழைத்து வந்தார். அந்த ஆறு நிமிடம் பன்னிரண்டாக இருந்திருந்தால் இந்த உறையில் கோடு கிழிக்க ஆளே இருந்திருக்காது. இதைவிடப் பெரிய நியாயம் உலகத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

அதை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் மறுநாள் வேலையில் அந்தக் காரியத்தைச் செய்தாள். அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஒரு போன் நம்பரை அடித்தால், அந்த நம்பரிலிருந்து முன்பு எப்போதாவது அழைப்பு வந்திருந்தால் காட்டிவிடும். எங்கே, என்ன, வண்டி எத்தனை நிமிடத்தில் போனது, எல்லாம். சொந்தக் காரியத்துக்குப் பார்க்கக் கூடாது என்று சட்டம். சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தபோது, வீட்டுக்கார அம்மாவின் நம்பரை அடித்தாள்.

ஒரே ஒரு பதிவு வந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தியது. ஆண், எழுபத்தொரு வயது, மூச்சுத் திணறல். வண்டி போய்ச் சேர்ந்தது ஐம்பத்து மூன்று நிமிடத்தில். நோயாளி இறந்திருந்தார். எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது என்று அவளுக்கு ஒரு கணம் திருப்தியாகக்கூட இருந்தது. பிறகுதான் அழைப்பை எடுத்த ஊழியரின் எண் கண்ணில் பட்டது. அது அவளுடைய எண்.

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒரு மனுஷன் செத்த அழைப்பு, அதில் ஐம்பத்து மூன்று நிமிடம் இவள் இருந்திருக்கிறாள், துளி நினைவில்லை. ஹெட்போனை மாட்டி ஒலிப்பதிவைப் போட்டாள்.

முதல் பதினைந்து நிமிடம் வழக்கமானதுதான். உட்கார வையுங்க, சட்டையைத் தளர்த்துங்க, வண்டி கிளம்பிருச்சு. பிறகு அவர் சரிந்துவிட்டார். தரையில் படுக்க வைத்து நெஞ்சின் நடுவில் அமுக்கச் சொன்னாள் இவள். அந்த அம்மா அமுக்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று இவள் எண்ண, அந்தப் பக்கம் ஒரு கிழட்டு உடம்பு மூச்சிரைப்பது கேட்டது.

"கண்ணு, அவரு வாயி அசையுது. என்னமோ சொல்றாரு போலருக்கு."

"அது பேச்சு இல்லம்மா. மூச்சு மாதிரி தெரியும், மூச்சும் இல்ல. நிறுத்தாதீங்க."

"கொஞ்சம் கிட்டப் போயி என்னன்னு கேட்டுட்டு வந்துடறேனே."

"நிறுத்தக் கூடாதும்மா. எண்ணுங்க. என்கூட எண்ணுங்க."

அந்த அம்மா எண்ணினார். முப்பத்தெட்டு நிமிடம். நடுவில் இரண்டு தடவை, கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இரண்டு தடவையும் இவள் குரல், பதமாக, கொஞ்சமும் தடுமாறாமல், வேண்டாம் என்றது. தன் குரல் இவ்வளவு நல்ல குரலாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. 

"அதை ஏன் கேக்கற?" பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார். திட்டுவார் என்று பார்த்தால், திரையை எட்டிப்பார்த்துத் தலையாட்டினார். "இதா? நல்ல போன் கால் ஆச்சே. ஆடிட்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறு. புதுசா சேர்றவங்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டறோம்."

"நாலு மார்க் எதுக்குக் குறைஞ்சுது சார்?"

"அந்த அம்மா பேரைக் கேக்கல நீ."

சாயந்திரம் படியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கட்டில் ஓரம் உட்கார்ந்து வெள்ளைக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த வீடு யாருடையது, அங்கே என்ன நடந்தது, போனில் இருந்தது யார், எதையும் மறைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அம்பத்திமூணு நிமிஷமா?"

"ஆமா. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? அந்தக் கவரைக் கிழிச்சுப் போடுங்க."

"இங்க ஆறு."

"ஆறு. அதனாலதான இப்ப எங்கிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க."

"அந்த ஆறு நிமிஷமும் நீ போன்ல பேசிக்கிட்டு இருந்த." நிறுத்தி மூச்சு வாங்கினார். "தப்புச் சொல்லல. அப்புறம் என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. பதினோரு நாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் உன்ன உள்ள விட்டாங்க. என் வாயில குழாய். நீ நின்ன, பாத்த, போயிட்ட. நான் அங்கயே போயிருந்தா யாரோ ஒரு நர்சு புள்ளையைப் பாத்துக்கிட்டுத்தான் போயிருப்பேன். தினமும் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன். சாவைக்கூட அவ்ளோ நெனைக்கல."

 அந்தப் பதினோரு நாளும் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பிழைத்துவிட்டார், பிழைத்துவிட்டார் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க அம்பத்திமூணு நிமிஷம் நீ எங்கிட்ட இருப்ப" என்றார். "கதவுக்கு வெளிய இல்ல, எங்கிட்ட. அது எந்தப் பக்கம் எழுதணும், சொல்லு."

"நல்லா இருக்கு. நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. அதுக்கப்புறம் நான் இருக்கணுமே. சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேனேன்னு காலம் பூராவும் அரிச்சுக்கிட்டே இருக்குமே, அதுக்கு என்ன பண்றது?"

அவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா."

பொய்யாக ஏதாவது சொல்லியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். அவர் சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "அமுக்கக் கூடாது. எண்ணக் கூடாது. கிட்ட உக்காந்து எதையாவது பேசு. வாய்க்கு வந்தபடி திட்டினாலும் சரி."

பதினான்கு வருஷத்தில் அவள் ஒருவரிடமும் நிறுத்துங்கள் என்று சொன்னதில்லை. சரி என்ற ஒரு வார்த்தைக்கு அவள் வாய் மூன்று தடவை திறந்து மூடியது. நாலாவது தடவை வந்தது. வந்ததும் அவர் மடியில் தலையை வைத்துக் குமுறிக் குமுறி அழுதாள். அவரைச் சாகக் கொடுத்தாகிவிட்டது, இனி இடத்தை மட்டும்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்றரை வருஷமாக டாக்டர் சொல்லி உறைக்காதது. அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், இருமல் வந்தபோது மட்டும் கையை எடுத்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டாள். நாத்தனாரின் பெயரைச் சொல்லி, வீடு வேண்டுமென்றாள். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். வெள்ளிக்கிழமையே சாவி வாங்கிக்கொள்ளலாம், மோட்டாருக்கு மட்டும் புது வயர் போட வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்மா. அப்புறம் சொல்லலைன்னு ஆயிடக் கூடாது. அவசரம்னா ஆஸ்பத்திரி வண்டி அங்க சீக்கிரம் வராது. என் வீட்டுக்காரருக்கு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. போன்ல ஒரு பொண்ணு கடைசிவரைக்கும் சொல்லிக் குடுத்துக்கிட்டேதான் இருந்துச்சு. பாவம், அதுதான் என்ன பண்ணும்? உங்க வீட்டுல சீக்காளி யாராச்சும் இருக்காங்களா?"

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கட்டிலில் இருந்தவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு மறுபடியும் காதில் வைத்தாள்.

"இருக்காரும்மா" என்றாள். "எவ்ளோ நேரம் ஆகும்னு தெரிஞ்சுதான் வர்றோம்."