பொன்னாடை போதவில்லை

யாரைப் பற்றி ஆடினாலும், அவர் செத்து எத்தனை காலமானாலும், வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவது அந்தத் துறைமுக ஊர் மண்டபத்தின் வழக்கம். செயலாளர் சிற்றம்பலம் மைக்கில் பெயரைச் சொல்வார். வாசலில் நிற்பவர் உள்ளே வருவார், பொன்னாடை போர்த்துவார்கள். அதற்குப் பிறகுதான் ஆடுபவரின் கால் தரையைவிட்டு எழும்பும். வராவிட்டால் எழும்பாது, அவ்வளவுதான்.

ரெஜினா ஆட வந்தது தன் பூட்டனுக்கும் பூட்டனைப் பற்றி. வெள்ளைக்காரன் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து, சிப்பாய் உடுப்பை மாட்டிவிட்டு, கோட்டைக்குக் கல் சுமக்கவைத்த மனிதர். கோட்டையைக் கட்டியது யாரென்று கேட்டால் ஊரே வெள்ளைக்காரனைச் சொல்லும். அவன் ஒரு கல்லையாவது தொட்டிருப்பானா, நீங்களே சொல்லுங்கள்!

அவர் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான்கள் பளபளத்தன. ஆனால் அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

“பேர் தெரியாமல் என்னெண்டு பிள்ளை கூப்பிடுறது?” என்றார் சிற்றம்பலம்.

ரெஜினா வாசலைப் பார்த்தாள். இன்றைக்கும் கூப்பிடாமல் விட்டால் மனிதர் போய்விடுவார், இனி வரமாட்டார்.

“எங்கட வீட்டில சோத்துப்பானை தூக்கிறதெண்டாலும் தொடையில தட்டிப்போட்டுத்தான் தூக்குவம், ஐயா. பரம்பரைப் பழக்கம், ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப அதையே சொல்லும்” என்று மைக்கை அவள் தொடைப் பக்கம் தாழ்த்திப் பிடித்தார் சிற்றம்பலம்.

அவள் தட்டினாள்.

வாசலில் நின்றவர் நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால், அவரோடு கல் சுமந்த பட்டாளமே நிமிர்ந்தது. கல் தூக்குமுன் எல்லோரும் அப்படித்தான் தட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தன்னைத்தான் கூப்பிடுவதாக எண்ணி உள்ளே வந்தார்கள். அதில் பிழையும் இல்லை.

பிரமுகர்கள் எழுந்து இடம் விட்டார்கள். இருந்ததோ ஒரே பொன்னாடை. சிற்றம்பலம் மேடைத் திரையைக் கழற்றி, எல்லோர் தோளிலும் ஒன்றாகப் போர்த்தினார். ரெஜினாவின் கால் எழும்பியது.

ஐயோ, அந்த ஆட்டம்! குனிந்தாள், தூக்கினாள், காற்றில் கைமாற்றிக் கொடுத்தாள். நீங்கள் செத்துப்போகாமல் சுமந்தபடியால்தானே நான் இருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்து, அழுதுகொண்டே ஆடினாள். முன்வரிசை முழுக்கத் தொடையில் தட்டியது.

சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆட்கள் இல்லை அவர்கள். விடிந்து பார்த்தால் குன்றில் கோட்டை இல்லை. கற்களெல்லாம் ரெஜினா வீட்டு முற்றத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மேலே திரையைப் போர்த்தபடி பட்டாளம் களைத்து உட்கார்ந்திருந்தது.

அம்மா தொடையில் தட்டிவிட்டு, அடுப்புக்கு அதில் மூன்று கல்லைத் தூக்கிவந்து, பெரிய பானையில் தேத்தண்ணி வைத்தாள்.