ரெண்டு பேருக்கு எடுத்த படகு

தனிப் படகு என்றால் என்ன? எடுத்தவர்கள் மட்டும் போவது, வேறு யாரும் ஏறாதது. பால்குடி மறக்காத பிள்ளையிடம் சொன்னால்கூடப் புரிந்துகொள்ளும். அவள் புருஷனுக்கு மட்டும் புரியவில்லை.

புருஷனுக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த வண்டி எப்போது எந்த ரூட்டில் கிளம்ப வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெருவிலும் சொந்தத்திலும் எல்லோருக்கும் அவர் டிப்போ. ஒரு பஸ் காலி சீட்டோடு வெளியே போய்விட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. வீட்டு ஸ்கூட்டரில் கடைக்குப் போனால்கூடப் பின் சீட்டில் யாரையாவது ஏற்றிக்கொண்டுதான் போவார்.

அவளுக்கு பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க பிஸ்கட்டை உடைத்து, முகர்ந்து, நாக்கில் வைத்துத் துப்பி, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்ல வேண்டும். அங்கே அவள் வாயைத் திறந்தால் மிஷின் நிற்கும். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் மிக்சிகூட நிற்காது.

கம்பெனி வேறொரு ஊரில் புது ஆலை கட்டியிருந்தது. அதில் தரப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. அவள் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டாள். மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள், அவளுக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒன்றுதான். அந்த ஊரிலும் ஒரு டிப்போ இருக்கிறது, இவர் வேலைக்கு அங்கே இடமும் காலியாக இருக்கிறது, கேட்டால் மாற்றல் கிடைக்கும் என்பது வரைக்கும் விசாரித்து வைத்திருந்தாள். மீதி இருந்தது ஒன்றே ஒன்று. புருஷன் கூட வருவாரா, மாட்டாரா?

கேட்காமலா இருந்தாள்? சமையலறையில் கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து காதருகே கத்தியும் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தையில்தான் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. ஆலைக்குப் பக்கத்தில் வீடு மாறலாம் என்றாள். அக்கா வேண்டாம் என்கிறாள் என்றார். மாலை வகுப்பில் சேர்ந்து மேலே படிக்கிறேன் என்றாள். அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்றார். அக்கா அடுத்த தெருவில்தான் இருந்தாள். இவளுக்கும் அந்த நாத்தனாருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது, சண்டை போடுவதற்காவது பேச வேண்டுமே! 'வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி, காப்பி சாப்பிடுங்க அண்ணி.' அவ்வளவுதான் பேச்சு. மற்றதெல்லாம் மனசுக்குள்ளே திட்டுவதோடு சரி. அவள் உள்ளுக்குள் திட்டியது பலித்திருந்தால் அந்த அம்மாள் என்றைக்கோ படுத்த படுக்கையாகியிருப்பாள்.

அதனால்தான் கடற்கரை ஊருக்கு நாலு நாள் லீவில் போகலாம் என்று குடும்பத்தோடு முடிவானதும் அவள் ஒரு திட்டம் போட்டாள். அங்கே படகு எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போய் வரலாம். தனிப் படகு. நடுக்கடலில் போனில் சிக்னல் இருக்காது. அக்கா ஹோட்டல் அறையில் இருப்பாள். 'கேட்டுட்டுச் சொல்றேன்' என்றால் மீனிடம்தான் கேட்க வேண்டும். புருஷன் வாயிலிருந்து அவருடைய சொந்தப் பதில் ஒன்று வந்தே ஆக வேண்டும். புத்திசாலித்தனமான திட்டம் என்று அவளே தன்னை மெச்சிக்கொண்டாள்.

காலையில் படகுத்துறைக்கு வந்து பார்த்தால், மாமியார் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நாத்தனார். நாத்தனார் கணவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று கடலுக்கே முதலாளி மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். போதாததற்கு, ஹோட்டலில் எதிர் அறையில் தங்கியிருந்த ஒரு கணவன் மனைவி. இவர்கள் யார், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. லிஃப்டில் பார்த்துச் சிரித்தவர்கள்!

"என்னங்க இது?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பத்து பேர் உட்கார்ற போட் இது. ரெண்டே பேர் போனா எட்டு சீட் வீணாப் போகாதா?" என்றார் டிப்போ. "இப்பவும் மூணு காலிதான். யாரும் கிடைக்கல."

அவர் முகத்தில் அந்த மூன்று சீட்டுக்கான வருத்தம் நிஜமாகவே தெரிந்தது.

அவள் முன்பதிவு செய்தது தம்பதிகளுக்கான ஏற்பாடு. படகுக்காரர் பாவம், காலையிலேயே எழுந்து கம்பியெல்லாம் சிவப்பு பலூன் கட்டி, சீட்டில் பூ இதழ் தூவி வைத்திருந்தார். பூ இதழ்மேல் மாமியார் உட்கார்ந்து மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஜோடின்னு சொன்னாங்களே சார்?" என்று தயங்கினார் படகுக்காரர்.

"ஜோடிதான்பா. மூணு ஜோடி, ஒரு அம்மா. எடு வண்டிய!" என்றார் டிப்போ.

வண்டி கிளம்பியது. சரி, தீவில் இறங்கியதும் எங்காவது தள்ளிக்கொண்டு போய்க் கேட்டுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் தீவில் மணலும் நாலு மரமும் இருந்தன. "வாங்க, அந்தப் பக்கம் நடந்துட்டு வருவோம்" என்று புருஷனைக் கூப்பிட்டாள். டிப்போ உடனே கையைத் தட்டி, "எல்லாரும் வாங்க, அந்தப் பக்கம் நல்லா இருக்காம்!" என்று குரல் கொடுத்தார். ஐந்து பேரும் பின்னால் வந்தார்கள். எதிர் அறைக்காரர் அவளுக்கும் புருஷனுக்கும் நடுவில் புகுந்து, தன் தண்ணீர் வடிகட்டி வியாபாரத்தைப் பற்றி ஆரம்பித்தார். கடலைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் உப்புத் தண்ணீரால் குழாய்க்கு என்னென்ன கேடு என்று தீவு முழுக்கக் கேட்டுக்கொண்டே நடந்தாள். டிப்போ மட்டும் அவ்வளவு ஆர்வமாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக் குழாய் ஒழுகினால் எட்டிப் பார்க்காத மனுஷன்!

இரண்டாவது தீவில் ஒரு பெரிய குடை, குடைக்கடியில் ஒரு மேஜை, மேஜைக்கு இரண்டு நாற்காலி. மேஜைமேல் சின்னதாக ஒரு கேக். எல்லாம் ஏற்பாட்டில் சேர்ந்தது. ஒரு நாற்காலியில் மாமியாரை உட்கார வைத்தார்கள். மற்றதில் நாத்தனார் கணவர் தானாகவே உட்கார்ந்துகொண்டார். கேக்கை ஏழாக வெட்ட முடியாமல் வெட்டினார்கள். அவள் பங்குக்குக் கையில் வந்தது க்ரீம் ஒட்டிய காகிதம். வாயில் வைத்துப் பார்த்தாள், வெண்ணெய் பழசு. அதைச் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

"பிஸ்கட், நீ ஏன்மா நிக்கிற? உக்காரேன்" என்றார் நாத்தனார் கணவர், தன் நாற்காலியிலிருந்து துளியும் அசையாமல். அவள் வேலையை வைத்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் புருஷனை மெல்ல நெருங்கினாள். "உங்ககிட்ட ஒண்ணு பேசணும். அந்தப் பாறைக்குப் பின்னால வாங்க. தனியா."

"இரு, அம்மாவுக்கு மாத்திரை குடுத்துட்டு வரேன்."

மாத்திரை கொடுத்தார். அப்புறம் அக்காவின் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டினார். அப்புறம் எதிர் அறைக்காரர்களை ஜோடியாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார், பலூன் பக்கத்தில், குடைக்கடியில், கேக் இருந்த தட்டோடு. அவளுக்குப் பாறைக்குப் பின்னால் வெயிலில் நின்று நின்று மண்டை காய்ந்தது. கடைசியில் வந்து எட்டிப் பார்த்தவர், "எல்லாரும் ஏறிட்டாங்க, நீ இங்க என்ன பண்ற? உன்னாலதான் லேட்டு" என்றார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கடலில் பிடித்துத் தள்ளியிருக்கலாம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது தீவுக்குப் போகும் வழியில் படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். "இங்க தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். சத்தம் போடாம பாருங்க, மீன் கூட்டமா வரும்." எல்லோரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக ஏழு வாயும் மூடியிருந்தன.

இதைவிட்டால் வேறு நேரம் கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது. தனியாகக் கேட்டால்தானே நழுவுகிறார்? நழுவ இங்கே எங்கே இடம்? அதுவும் எவளைக் கேட்டுச் சொல்கிறேன் சொல்கிறேன் என்கிறாரோ, அந்த மகராசி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணி" என்றாள். "நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க. இவர் என்கூட வரலாமா, கூடாதா?"

நாத்தனார் மீனிலிருந்து தலையைத் தூக்கினாள். "எங்க வரணும்?"

"புது ஊருக்கு. என் வேலைக்கு. உங்க உத்தரவுக்குத்தானே இத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்கோம்."

"எந்த ஊரு? என்ன வேலை?" நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். "என்னடா சொல்றா இவ?"

டிப்போ தண்ணீரைப் பார்த்தபடியே, "அந்தா பாருக்கா, மஞ்சள் மீனு" என்றார்.

"மீனு கிடக்கட்டும். இவளுக்கு வேற ஊர்ல வேலையா? என்கிட்ட யாருமே சொல்லலையே!"

நடிக்கிறாளோ என்று நாத்தனார் முகத்தை உற்றுப் பார்த்தாள். நல்ல பிஸ்கட்டையும் நமத்ததையும் பார்த்தவுடன் பிரிக்கிற கண். அந்த முகத்தில் பொய் இல்லை.

"அப்போ, ஆலைக்குப் பக்கத்துல வீடு பார்த்தோமே, அது வேண்டாம்னு நீங்க சொல்லலையா?"

"எந்த வீடும்மா?"

"நான் படிக்கறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு..."

"நீ படிக்கணும்னு கேட்டியா? ஐயோ, என்கிட்ட சொல்லியிருந்தா நானே கொண்டுபோய்ச் சேத்து விட்டிருப்பேனே!"

படகு லேசாக ஆடியது. அடுத்ததைக் கேட்க வேண்டாம் என்று நினைத்தாள், ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"மகளுக்கு அப்புறம் இன்னொரு குழந்தை வேணும்னு நான் ஆசைப்பட்டேன். இந்த வயசுல எதுக்குன்னு நீங்க சொன்னதா..."

நாத்தனார் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்லம்மா. அதையெல்லாம் நான் ஏன் சொல்லப்போறேன்? இவன் என்கிட்ட இதுவரைக்கும் எதையுமே கேட்டதில்ல. சட்டை எடுக்கறப்போகூட கேட்டதில்ல. நீதான் எங்க யாரையும் நெருங்க விடமாட்டேங்கறேன்னு என்கிட்ட சொல்லி வச்சிருக்கான். அதான் நானும் அளவோட இருந்துக்கிட்டேன்."

மாமியார், "என்ன, என்ன சொல்றா?" என்று காதைத் திருப்பினார். எதிர் அறைக்காரர் மனைவி புருஷனின் முழங்கையைக் கிள்ளினாள். இரண்டு பேரும் மீன் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

நாத்தனாருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. "டேய், இந்தப் பக்கம் திரும்புடா. இத்தனை வருஷமா என் தலையை உருட்டிக்கிட்டு இருந்திருக்க. இப்போ நான் கேக்கறேன். பொண்டாட்டிக்கு நல்ல வேலை கிடைச்சிருக்கு. கூடப் போறியா, இல்லையா?"

டிப்போ அம்மாவைப் பார்த்தார். அக்கா புருஷனைப் பார்த்தார், அவர் கறுப்புக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். படகுக்காரரைக்கூடப் பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுவிட்டுச் சொல்வதற்கு ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை.

"எனக்கு வர இஷ்டம் இல்ல" என்றார்.

சின்னக் குரல்தான். ஆனால் தெளிவாக இருந்தது.

"அங்க போனா எல்லாம் புதுசா ஆரம்பிக்கணும். இங்க எனக்கு எல்லாம் ஒரு ஒழுங்குல போகுது. எதையும் மாத்தறது எனக்கு ஆகாது. முகத்துக்கு நேரா இல்லைன்னு சொன்னா நீ அழுவ, சண்டை வரும். அக்கா பேரைச் சொன்னா நீயும் பேசாம இருந்துடற. அதான். இன்னைக்கும் நீ இதைக் கேக்கத்தான் தனிப் படகுன்னு சொன்னேன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் இருந்தா நீ கேக்க மாட்டேன்னு நினைச்சேன்."

அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். யாரையும் கேட்காமல், அவராகவே சொல்லும் ஒரு பதில். கிடைத்துவிட்டது. இவ்வளவு காலமும் ஒரு பாவமும் அறியாத பொம்பளையை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்திருக்கிறாள், பக்கத்தில் படுத்திருந்த ஆளை 'அக்காவுக்குப் பயந்த அப்பாவி' என்று இரக்கப்பட்டிருக்கிறாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தன்னை நினைத்துத்தான் அவமானமாக இருந்தது.

"சரி" என்றாள்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் டிப்போவின் தோள் தளர்ந்து இறங்கியது. இவ்வளவுதானா என்ற நிம்மதி முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. உடனே எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தொடையில் தட்டினார்.

"அப்போ வாரா வாரம் வந்துடுவ இல்ல? வந்தா, நாலு நாளைக்குச் சேர்த்துச் சமைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுப் போயிடலாம். சண்டே ராத்திரி பஸ்ல ஜன்னல் சீட்டா நானே போட்டுத் தரேன்."

"அடச்சீ!" என்றாள் நாத்தனார்.

அவள் அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"தெரியலைங்க" என்றாள். "எனக்கு வரணும்னு தோணினா வருவேன்."

"தோணலைன்னா?"

படகுக்காரர் தொண்டையைக் கனைத்துவிட்டு, அடுத்த தீவுக்குப் போவதா, கரைக்குத் திரும்புவதா என்று கேட்டார். திரும்பிவிடலாம் என்று டிப்போ சொல்ல வாயெடுத்தார்.

"அடுத்த தீவுக்குப் போங்க" என்றாள் அவள். "நான் இன்னும் பார்க்கல."