லத்வியாவில் மூடிய பள்ளிக்கூடம்

2010இல் டைனா, உலகின் மறுகோடித் தீவுநாட்டில் பிளாட் புஷ் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டின் பின்னறைக்கு வாடகைக்கு வந்தாள். பாட்டனி டவுன்ஸ் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்பவள். லத்வியாவில் பதினான்கு வருடம் கணக்கு ரீச்சராக இருந்தவள், இங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டினாள்.

"2004இல் எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த அன்று பிள்ளைகளோடு தெருவில் ஆடினேன்," என்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது ஆங்கிலத்தில் சொன்னாள். "நாலைந்து வருடம்தான். பொருளாதார நெருக்கடி வந்ததும் சம்பளத்தை வெட்டினார்கள். ஆட்கள் வேலை தேடி வெளிநாடு போகப் போக, பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். பழைய நாடுகள் எப்படியோ தாக்குப்பிடித்தன. புதிதாகச் சேர்ந்த எங்களுக்குத்தான் இடுப்பொடிந்தது."

நான் போருக்குத் தப்பி வந்தவள். ஒரு குண்டுகூட விழாமல் ஊர் காலியாகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

டைனா, கணவன் இறந்துவிட்டதால், பத்து வயது மகன் மார்க்குஸை லத்வியாவில் தங்கையிடம் விட்டிருந்தாள். ஞாயிறு மாலைகளில் எங்கள் மேசையில் இருந்து ஸ்கைப்பில் அவனோடு கதைப்பாள். அடுத்த வருடம் தங்கை வேலை செய்த ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது. அவள் தன் பிள்ளைகளோடு மார்க்குஸையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய், காய்கறி பொதிசெய்யும் கொட்டகையில் சேர்ந்தாள்.

மகனுக்கு விசா கிடைக்க மூன்று வருடம் பிடித்தது. கிடைத்த அன்று என் கணவர் கீதன் அவனுக்கென்று புதுக் கட்டில் வாங்கிவந்து, பின்னறையில் துண்டுகளைப் பொருத்திப் பூட்டினார். டைனா ஸ்கைப்பில் தங்கள் மொழியில் மகனிடம் செய்தியைச் சொன்னாள். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அதனால் எனக்கும் விளங்கிவிட்டது.

"நான் வரவில்லை, அம்மா. இன்னொரு தடவை புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது."

டைனா கெஞ்சவில்லை. சாப்பாடாவது போடவா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு அறைக்குள் போனாள். ஒரு கிழமையில், மகனிடம் போவதற்காக வேலையை விட்டாள்.

"போகவேண்டாமெண்டு சொல்லுமன், நிசா," என்றார் கீதன். "இஞ்ச ரீச்சர் பதிவுக்குப் படிச்சுக்கொண்டிருக்கிறா. இன்னும் ஒரு வருசம்தானே."

"ஓம், ஆனா என்னெண்டு சொல்லுறது? பிள்ளை அங்க."

விமான நிலையத்தில் அவள் என் கையை விடவே இல்லை. எனக்கும் விட மனம் வரவில்லை.

இங்கிலாந்தில் அவளும் தங்கை வேலைசெய்த கொட்டகையிலேயே சேர்ந்து முட்டைக்கோசு தரம்பிரித்தாள். ஆறு மாதத்தின் பின் போன் எடுத்தபோது, மார்க்குஸ் இன்னும் சித்தி வீட்டில்தான் இருக்கிறான் என்றாள். சனிக்கிழமைகளில் அவள் தனியே எடுத்த அறைக்கு வந்து சாப்பிடுவானாம்.

"சாப்பிட்டு முடிய நன்றி சொல்கிறான், நிசா. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வதுபோல."

போனைக் காதில் வைத்தபடியே பின்னறைக்குப் போய், கீதன் பூட்டிய கட்டிலில் இருந்தேன்.